வேலையில்லாத நாளில் வீட்டுக் கணக்கு

(கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களும் கிராணிமார்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சங்க மேடையில் நாம் வழக்கமாகப் பேசுவது சம்பளத்தைப் பற்றி. எவ்வளவு கேட்பது, எப்படிக் கேட்பது, கேட்டுக் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று பேசுவோம். இன்று அந்தச் சம்பளமே நின்றுபோகும் நாளைப் பற்றிப் பேசப்போகிறோம். கேட்பதற்கு இனிப்பான விஷயமல்ல. “வாயால் சொன்னால் வந்துவிடும்” என்று பயப்படுகிறவர்களும் நம்மிலே உண்டு. சொல்லாமலிருந்தாலும் அது வந்திருக்கிறது. ஒரு தடவையல்ல, பல தடவை வந்திருக்கிறது. ஆகவே பேசி வைப்பதே நல்லது.

சரித்திரத்தைச் சற்றே திரும்பிப் பாருங்கள். 1929இல் உலக வியாபாரம் சரிந்தது. அதைத் தொடர்ந்து ரப்பர் விலையும் விழுந்தது. 1930க்குப் பின் வந்த இரண்டு மூன்று வருஷங்களில், மரத்தைத் தவிர வேறொன்றும் அறியாத நம் மூதாதையரைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அப்படிப் போனவர்களின் தொகை லட்சத்துக்கும் மேல். பிறகு 1950களிலும் 1960களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டுதுண்டாக்கி விற்றார்கள். ‘தோட்டத் துண்டாடல்’ என்ற சொல்லே நம் வீடுகளில் அழுகையை எழுப்பியது. 1969க்குப் பின் வேலை பெர்மிட் சட்டம் வந்தது. பிரஜாவுரிமை இல்லாத பல்லாயிரம் பேர் மறுபடியும் கப்பலேறினர்.

அதற்குப் பின் நகரம் தோட்டத்தைத் தின்னத் தொடங்கியது. இன்று சுபாங் ஜெயா நிற்குமிடம் சீபீல்ட் தோட்டம். பண்டார் உத்தாமா நிற்குமிடம் எஃபிங்காம் தோட்டம். ஷா ஆலாம் எழுந்தது சுங்கை ரெங்கம் தோட்டத்து மண்ணிலே. பால் வாளி தூக்கியவர்களின் பிள்ளைகள் கிள்ளான் தொழிற்சாலைகளுக்கும், துறைமுகத்துக்கும், கோலாலம்பூர் ஆபீசுகளுக்கும் போனார்கள். அங்கேயும் 2020 மார்ச் 18ஆந் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. அவ்வருஷம் மே மாதத்தில் இந்நாட்டில் வேலையில்லாதோர் தொகை 826,100 ஆயிற்று. வேலை செய்யக்கூடியவர்களில் நூற்றுக்கு 5.3 பேர். மரம் வெட்டினாலும் சரி, மேஜையில் எழுதினாலும் சரி, வேலை போவது தனியொருவனின் தலையெழுத்தல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஆகவே முதலில் வெட்கத்தை விட்டொழியுங்கள். வேலை போன செய்தியை மனைவியிடம் சொல்லாமல், காலையில் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய் மாலையில் திரும்புகிற கணவன் இருக்கிறான். அவன் ஏமாற்றுவது மனைவியை மட்டுமல்ல, தன் வீட்டுக் கணக்கையும் சேர்த்துத்தான். அவனுக்குச் சம்பளம் நின்றுவிட்டது. வீட்டில் செலவோ பழையபடி நடக்கிறது. இரண்டு மாதம் கழித்து உண்மை வெளிவரும்போது இருந்த பணமும் இருக்காது. அன்றிரவே சொல்லிவிட்டால் அந்த இரண்டு மாதப் பணம் மிஞ்சும்.

வெள்ளியை நாளாக எண்ணுங்கள்

நாம் இன்று சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். வேலை இருக்கும்போது கையிலுள்ளது வெள்ளி. வேலை போனபின் கையிலுள்ளது நாள். அடுத்த வேலை கிடைக்கும்வரை நம் அடுப்பு இன்னும் எத்தனை நாள் எரியும் என்பதுதான் கணக்கு. நாளிருந்தால் நல்ல வேலையைத் தேடலாம். நாளில்லாதவன் முதலில் கிடைக்கும் வேலையை, முதலாளி சொல்லும் கூலிக்கு ஒப்புக்கொள்வான். அவன் ஒருவன் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்டால் அது நம் எல்லோருடைய கூலியையும் கீழே இழுக்கும். வீட்டுக் கணக்குக்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

இந்தக் கணக்கு நமக்குப் புதிதுமல்ல. மழை பெய்தால் பால் இல்லை. மரம் இலையுதிர்க்கும் காலத்தில் பால் குறைவு. அந்த மாதங்களிலே இருந்த அரிசியை அளந்து, ஒட்டுப்பால் காசைச் சேர்த்து, பிள்ளைகளைப் பசியில்லாமல் பள்ளிக்கு அனுப்பியவர்கள் நம் தாய்மார்கள். அவர்களுக்கு நாம் பாடம் சொல்ல வரவில்லை. அவர்கள் மனக்கணக்காகச் செய்ததைக் காகிதத்தில் எழுதச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

முதல் வேலை: நமக்கு வரவேண்டியதை வாங்குவது

செலவைக் குறைப்பதற்கு முன் வரவைச் சேர்க்கவேண்டும். கையில் கடைசிச் சம்பளம் மட்டுந்தான் உண்டென்று நினைத்து அழுகிறவர்கள் பலர். சட்டம் கொடுத்திருப்பதைக் கேட்காமலே விட்டுவிடுகிறவர்களும் பலர்.

ஆட்குறைப்பென்றால் முதலாவது நோட்டீஸ். 1955ஆம் வருஷத்து வேலைச் சட்டப்படி, வேலை ஒப்பந்தத்தில் இதைவிடக் குறைவான தவணை குறிக்கப்பட்டிருந்தாலும், இரண்டு வருஷத்துக்குக் குறைவான சேவைக்கு 4 வாரம், இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் 6 வாரம், ஐந்து வருஷமும் அதற்கு மேலும் 8 வாரம் நோட்டீஸ் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் அத்தனை நாளுக்கும் பணம் தரவேண்டும்.

இரண்டாவது ஆட்குறைப்பு நஷ்டஈடு. மாதம் 4,000 வெள்ளிக்கு மேற்படாத சம்பளக்காரர்களுக்கு 1980ஆம் வருஷத்து விதிகள் இதை உறுதிசெய்கின்றன. ஒரு வருஷமாவது சேவை முடிந்திருக்கவேண்டும். இரண்டு வருஷத்துக்குக் குறைவானால் வருஷத்துக்குப் 10 நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் 15 நாள். ஐந்தும் அதற்கு மேலுமானால் 20 நாள். வேலை முடிந்த ஏழு நாளைக்குள் கொடுத்தாகவேண்டும். இது குறைந்த அளவு. கூட்டு ஒப்பந்தத்தில் இதைவிட அதிகம் இருந்தால் அதுவே செல்லும். 4,000க்கு மேல் வாங்கும் கிராணிமார்கள் தங்கள் வேலைக் கடிதத்தையும் கூட்டு ஒப்பந்தத்தையும் எடுத்துப் படித்துக்கொள்ளவேண்டும்.

மூன்றாவது, சொக்சோ நடத்தும் வேலை காப்புறுதித் திட்டம். 2017ஆம் வருஷத்துச் சட்டம், 2018 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. இதற்காகத் தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 0.2, முதலாளியிடமிருந்து 0.2 என்று மாதாமாதம் கட்டப்படுகிறது. சம்பளச் சீட்டிலே சில வெள்ளி கழிவதைப் பார்த்திருப்பீர்கள். அது தானமல்ல, நாம் கட்டிய காப்புறுதி. வேலை தேடும் காலத்துக்கு, கட்டிய மாதங்களைப் பொறுத்து, மூன்று முதல் ஆறு மாதம் வரை படி கிடைக்கும். திட்டம் தொடங்கியபோது வகுத்த விகிதம் இது: முதல் மாதம் சம்பளத்தில் நூற்றுக்கு 80, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்களில் 40, ஐந்தாம் ஆறாம் மாதங்களில் 30. மனுச்செய்யும்போது நடப்பு விகிதத்தைக் கவுண்டரில் கேட்டுக் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். படி வாங்கும் காலத்தில் சீக்கிரமே வேலை கிடைத்தால், மீதிப் படியில் நூற்றுக்கு 25 தருவதற்கும் வழி உண்டு. ஆகவே படிக்காக நல்ல வேலையைத் தள்ளிப்போடவேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தானாக ராஜினாமா செய்தவர்களுக்கும், ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவர்களுக்கும் இந்தப் படி இல்லை. “எதற்கு வம்பு? நீயே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடு, உன் பெயருக்கு நல்லது” என்று யாராவது பேனாவை நீட்டினால், கையெழுத்துப் போடாதீர்கள். அந்த ஒரு கையெழுத்தில் நோட்டீஸ் பணம், நஷ்டஈடு, காப்புறுதிப் படி மூன்றும் போகும். “நாளை சொல்கிறேன்” என்று வந்துவிட்டு, அன்றே சங்க ஆபீசுக்கு வாருங்கள்.

அறுபது நாள்

ஒரு எண்ணை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள்: அறுபது. வேலை காப்புறுதிப் படிக்கு வேலை போன 60 நாளைக்குள் மனுச்செய்யவேண்டும். நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டோம் என்று 1967ஆம் வருஷத்துத் தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி முறையிடுவதற்கும் 60 நாள்தான். அறுபத்தொன்றாம் நாள் போய் அழுதால் பிரயோசனமில்லை. காலண்டரில் அந்த நாளைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள்.

மனுச்செய்யப் போகிறபோது வெறுங்கையோடு போகக்கூடாது. அடையாளக் கார்டு, வேலை நீக்கக் கடிதம், சம்பளச் சீட்டுகள், பேங்க் புத்தகம் இவை வேண்டும். சம்பளச் சீட்டைக் கசக்கி எறிவது நம்மிலே ஒரு கெட்ட பழக்கம். பழைய பிஸ்கட் டின் ஒன்றில் மாதாமாதம் போட்டு வையுங்கள். கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். செக்ரோலும் சீட்டும் உங்கள் கையில் எழுதப்படுகின்றன. எழுத்தறியாத ஒரு கிழவிக்கு அவள் எத்தனை வருஷம் வேலை செய்தாள் என்பதை ஒரு காகிதத்தில் சரியாக எழுதிக் கொடுத்தால், அது அவளுக்குப் பல நாள் சோறு.

ஒரு குடும்பத்தின் கணக்கு

இனி கணக்குக்கு வருவோம். ஒரு குடும்பத்தைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். புருஷன் எட்டு வருஷம் வேலை செய்தவன். மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. 2025இல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமாக நிர்ணயிக்கப்பட்டதும் இதே தொகைதான். மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். கிள்ளானில் வாடகை வீடு.

எட்டு வருஷத்துக்கு வருஷம் 20 நாள் வீதம் 160 நாள் சம்பளம். ஒரு வருஷச் சம்பளத்தை 365ஆல் வகுத்தால் நாளுக்கு ஏறக்குறைய 55 வெள்ளி 90 காசு. ஆகவே நஷ்டஈடு சுமார் 8,900 வெள்ளி. எட்டு வார நோட்டீஸ் பணம் சுமார் 3,100. இரண்டும் சேர்ந்து 12,000. சொக்சோ படி ஆறு மாதமும் கிடைத்தால், முன்சொன்ன விகிதத்தில், 4,400க்கு மேல்.

பன்னிரண்டாயிரம் வெள்ளி! அவன் தன் ஆயுளில் ஒன்றாகப் பார்த்திராத பணம். அதுவே ஆபத்து. கை நிறையப் பணம் வந்த மறுநாளே, முன்பின் தெரியாத உறவினர்கள் தெரியவருவார்கள். “பழைய கார் ஒன்று மலிவாக வந்திருக்கிறது” என்பான் ஒருவன். “மகளுக்குச் சடங்கு செய்யவில்லையே” என்பாள் ஒருத்தி. காருக்கு 4,000, சடங்குக்கு 3,000, கைமாற்று 2,000 என்று போனால் மிஞ்சுவது 3,000. அந்தக் குடும்பத்தின் செலவு நாளுக்கு 50 வெள்ளி. ஆகவே 3,000 என்பது 60 நாள். அதற்கு மேல்?

இப்போது வேறு விதமாகச் செய்வோம். வேலை இருந்தபோது அவர்களுடைய மாதச் செலவு 1,500 வெள்ளி. வாடகை 400, சாப்பாடு 550, மோட்டார் சைக்கிள் தவணை 180, மின்சாரமும் தண்ணீரும் 70, பள்ளிச் செலவு 100, பெட்ரோல் 80, கைத்தொலைபேசி 60, கோப்பிக்கடையும் சில்லறையும் 60. இதில் வாடகையில் கை வைக்கக்கூடாது. பள்ளிச் செலவிலும் கை வைக்கக்கூடாது. சாப்பாட்டில் 100 குறைக்கலாம். பெட்ரோலில் 40, தொலைபேசியில் 30, கோப்பிக்கடையில் 50, மின்சாரத்தில் 10 குறைக்கலாம். தவணைக்காரரிடம் பேசி, காலத்தை நீட்டி மாதம் 70 குறைத்தால், எல்லாம் சேர்ந்து 300. செலவு 1,200ஆக இறங்கும். நாளுக்கு 40 வெள்ளி.

பன்னிரண்டாயிரத்தை 50ஆல் வகுத்தால் 240 நாள். 40ஆல் வகுத்தால் 300 நாள். நாளுக்குப் பத்து வெள்ளிச் சிக்கனம், வேலை தேட அறுபது நாள் கூடுதலாகக் கொடுக்கிறது. சொக்சோ படியையும் சேர்த்தால் இன்னும் 110 நாளுக்கு மேல். ஒரு வருஷத்துக்கு மேல் அந்த வீட்டில் அடுப்பு எரியும். யாரிடமும் கைநீட்டவேண்டியதில்லை.

இனி எந்தச் செலவு வந்தாலும் இப்படியே கேளுங்கள். நானூறு வெள்ளிக்குப் புதுத் தொலைபேசி என்றால், “பத்து நாளைக் கொடுத்து இதை வாங்கலாமா?” என்று கேளுங்கள். மருந்தென்றால் வாங்கத்தான் வேண்டும். அதற்கும் அரசாங்க கிளினிக் இருக்கிறது. பிரஜைகளுக்கு அங்கே சீட்டு ஒரு வெள்ளி.

எதை முதலில் கட்டுவது?

பணம் குறைவாக இருக்கும்போது உரக்கக் கத்துகிறவனுக்கு முதலில் கொடுப்பது மனித சுபாவம். அது தவறு. கொடுக்காவிட்டால் நமக்கு எது அதிகக் கேடு செய்யுமோ அதற்கே முதலிடம்.

முதலில் கூரையும் சோறும். தோட்டத்தில் வேலை போனால் லயத்து வீடும் போகிறது. அதனால் வாடகைக்கென்று மூன்று மாதப் பணத்தை முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். அடுத்தது மின்சாரம், தண்ணீர். பிறகு வேலை தேடப் போகும் வண்டி. அதற்குப் பின் பேங்க் கடன். கடைசியில் கைமாற்றுகள்.

வண்டித் தவணையைப் பற்றிப் பலருக்கு வீண் பயம் உண்டு. 1967ஆம் வருஷத்துத் தவணைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறிய பிறகே வண்டியை எடுக்க நடவடிக்கை தொடங்கலாம். அதற்கு முன் எழுத்து மூலம் 21 நாள் நோட்டீஸ் கொடுத்தாகவேண்டும். விலையில் முக்கால் பங்குக்கு மேல் கட்டிவிட்டால் நீதிமன்ற ஆணையின்றி எடுக்கமுடியாது. ஆகவே தவணை தவறுவதற்கு முன்னாலேயே போய்ப் பேசுங்கள். கடன்காரன் தேடி வரும்வரை ஒளிந்திருப்பவனைவிட, தானே போய் “வேலை போய்விட்டது, இதுதான் என் நிலைமை” என்று காகிதத்தோடு நிற்பவனுக்கு மரியாதை உண்டு.

பல பேங்குகளில் கடன் உள்ளவர்களுக்கும், கடன் கார்டில் சிக்கியவர்களுக்கும் ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிலையம் இருக்கிறது. தேசிய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் அமைத்தது. கட்டணம் கிடையாது. அவர்களே பேங்குகளோடு பேசித் தவணையை ஒழுங்குபடுத்தித் தருவார்கள். காசு கேட்டுக்கொண்டு “கடனைத் தீர்த்துவைக்கிறோம்” என்று விளம்பரம் ஒட்டுகிறவர்களிடம் போவானேன்?

ஆலோங்கின் கதவு

மின்சாரக் கம்பத்திலே ஒட்டியிருக்கும் அந்தக் காகிதங்களைப் பார்த்திருப்பீர்கள். பத்திரம் வேண்டாம், ஜாமீன் வேண்டாம், உடனே பணம் என்றிருக்கும். அந்தக் கதவைத் தட்டாதீர்கள்.

1951ஆம் வருஷத்து வட்டிக்கடைச் சட்டம், ஜாமீன் இல்லாத கடனுக்கு வருஷத்துக்கு நூற்றுக்கு 18, ஜாமீன் உள்ளதற்கு 12 என்று உச்சவரம்பு வகுத்திருக்கிறது. ஆயிரம் வெள்ளிக்கு வருஷத்துக்கு 180 வெள்ளிக்கு மேல் கேட்கக்கூடாது. ஆலோங்கு வாரத்துக்கு நூற்றுக்குப் பத்து கேட்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்துக்கு வாரம் 100, வருஷம் 5,200. முதல் அப்படியே நிற்கும். அதோடு கதவிலே சிவப்புச் சாயம். இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். பிள்ளை வாங்கிய கடனுக்குத் தகப்பன் வீட்டு வாசலில் ஆள் நிற்பதும் நம் ஊரில் நடப்பதுதானே?

‘கூட்டு’ப் பிடிப்பதும் நம்மிடையே பழைய வழக்கம். நம்பிக்கையான பத்துப் பெண்கள் சேர்ந்து நடத்துவதுதானே என்பீர்கள். 1971ஆம் வருஷத்துச் சட்டம் கூட்டை வியாபாரமாக நடத்துவதைத் தடைசெய்திருக்கிறது. கூட்டுத் தலைவி ஓடிவிட்டால் போலீசுக்குப் போவதற்கும் வாய் இருக்காது. வேலையில்லாத வீட்டில் புதிதாகக் கூட்டுச் சேரவே கூடாது.

நகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்சிலும் நகைக்கடைகளுக்குக் குறைவில்லை. கஷ்டம் வந்தால் கழுத்திலிருப்பதைக் கழற்றுவது நம் பெண்களின் பெருந்தன்மை. ஆனால் எப்போது அடகு, எப்போது விற்பனை என்பதை யோசித்துச் செய்யவேண்டும். இன்ன தேதிக்கு இன்ன பணம் வரும் என்று திட்டமாகத் தெரிந்தால் அடகு வையுங்கள். அது தெரியாமல் வைத்தால் வட்டியும் போகும், நகையும் போகும். அந்த நிலையில் ஒரு சிறு உருப்படியை விற்றுவிடுவதே லாபம். எதுவானாலும் லைசென்சு உள்ள கடையிலே, சீட்டு வாங்கிக்கொண்டு செய்யுங்கள்.

சேமநிதி கடைசி மரம்

1951இல் ஊழியர் சேமநிதி தொடங்கியபோது தொழிலாளி நூற்றுக்கு 5, முதலாளி 5 கட்டினார்கள். இன்று பிரஜைகளான தொழிலாளிகள் 11 கட்டுகிறார்கள். 5,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குவோருக்கு முதலாளி 13 கட்டுகிறார். இது ஒரு நாளில் வந்ததல்ல. தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர் இயக்கம் கேட்டுக் கேட்டு வந்தது.

2020லிருந்து 2022 வரை, பெருநோய்க் காலத்தில், இந்தச் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க விசேஷ அனுமதி கொடுத்தார்கள். நாடு முழுவதிலும் எடுத்த தொகை 145 பில்லியன் வெள்ளி. எடுத்தவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது. அரிசிக்கு வேறு வழியில்லாதவர்கள் எடுத்தார்கள். ஆனால் முதுமைக்கு வைத்த பணம் இளமையிலேயே கரைந்தது என்பதும் மறுக்கமுடியாத உண்மை.

2024 மே மாதம் முதல், 55 வயதுக்கு உட்பட்டவர்களின் சேமநிதிக்கு வரும் புதுப் பணம் மூன்றாகப் பிரிகிறது. நூற்றில் 75 ஓய்வுக் கணக்கு, 15 நல்வாழ்வுக் கணக்கு, 10 எந்நேரமும் எடுக்கக்கூடிய பிளெக்சிபல் கணக்கு. வேலை போனால் அந்தப் பத்தைத் தொடலாம். அதற்காகத்தான் அது இருக்கிறது. ஆனால் முதலில் தொடாதீர்கள். நோட்டீஸ் பணம், நஷ்டஈடு, சொக்சோ படி இவை தீர்ந்த பிறகே அதைத் தொடுங்கள். ஏனென்றால், 2024க்குச் சேமநிதி கொடுத்த லாபம் நூற்றுக்கு 6.3. வருஷம் ஆறு வீதம் வளரும் பணம் பன்னிரண்டு வருஷத்தில் இரட்டிப்பாகும். நாற்பத்து மூன்று வயதில் எடுத்த ஆயிரம், ஐம்பத்தைந்து வயதில் கிடைத்திருக்கவேண்டிய இரண்டாயிரம். இளமரத்தைப் பட்டை தீர வெட்டினால் இந்த மாதம் பால் அதிகம் கிடைக்கும், அப்புறம் மரம் பட்டுப்போகும். பால் வெட்டுகிற நமக்கு இதை வேறொருவர் சொல்லவேண்டுமா?

வேலை இருக்கும்போதே

இதுவரை சொன்னதெல்லாம் வேலை போனபின் செய்வது. இன்று வேலையிலிருப்பவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறோம்.

தோட்டத் துண்டாடலின்போது, தொழிலாளி என்ன செய்வான், அழுவான், போய்விடுவான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1960இல் துன் சம்பந்தன் அவர்கள் முன்நின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பால் வெட்டுகிறவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டினார்கள். அந்தப் பத்து வெள்ளிகள் சேர்ந்து தோட்டங்களையே வாங்கின. பிரிக்பீல்ட்சின் பெரிய சாலைக்கு இன்று அவர் பெயர் இருக்கிறது. அச்சாலையில் நடக்கும்போது, தலைவரை மட்டுமல்ல, அந்தப் பத்து வெள்ளியைக் கட்டிய பெயர் தெரியாத பாட்டிமார்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய சம்பளம் நம்முடையதைவிட அதிகமாக இருந்ததா?

ஆகவே சம்பளம் வந்த அன்றே, மளிகைக்கடைப் பற்றைத் தீர்ப்பதற்கு முன்னால், ஒரு நாள் செலவுக்கான பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். நாளுக்கு 50 வெள்ளி செலவென்றால் மாதம் 50 வெள்ளி. ஒரு வருஷத்தில் பன்னிரண்டு நாள் சேரும். ஐந்து வருஷத்தில் அறுபது நாள். அறுபது நாள் எதற்கென்று இனி நாம் சொல்லவேண்டியதில்லை. அதைப் பதிவுபெற்ற கூட்டுறவுச் சங்கத்திலோ பேங்கிலோ வையுங்கள். தலையணைக்கடியில் வேண்டாம், கூட்டிலும் வேண்டாம்.

அண்டை வீட்டில் வேலை போய்விட்டதென்று கேள்விப்பட்டால், வம்பு பேசுவதை விட்டுவிட்டு, அன்றே அவர்களைச் சங்க ஆபீசுக்கு அழைத்து வாருங்கள். அறுபது நாள் கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருக்கிறதா என்று கேளுங்கள். பாரம் நிரப்பத் தெரியாவிட்டால், எழுதத் தெரிந்த கிராணியோ பள்ளிப் பிள்ளையோ நிரப்பிக் கொடுக்கட்டும்.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும், பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுங்கள். ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் செலவு. மாதச் செலவை முப்பதால் வகுத்து, நம் வீட்டின் ஒரு நாள் விலை என்னவென்று எழுதுங்கள். கையிலுள்ளதை அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். வரும் எண் சிறியதாயிருந்தால் மனம் தளரவேண்டாம். தெரியாமலிருந்ததைவிடத் தெரிந்தது நல்லது. அடுத்த மாதம் அந்த எண் ஒன்று கூடியிருக்கட்டும்.